வாங்கில் இருப்பவனை யார் கவனிப்பது?

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக்கப்பட்டது. 2026 ஜனவரியில் அது 30,000 ரூபாவானது. அன்றிலிருந்து பதுளை பஸாரில் எந்த முதலாளியைச் சந்தித்தாலும் பேச்சு இதுதான். "ஆளுக்குச் சம்பளம் கொடுத்தே கல்லா காலியாகிறது" என்கிறார் ஒருவர். "நல்ல ஆளாக ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடலாம் என்று யோசிக்கிறேன்" என்கிறார் இன்னொருவர்.

இரண்டாமவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குப் பழைய தழும்பொன்று வலித்தது. அதே யோசனையை நான் வருடக்கணக்காக நடைமுறையில் வைத்திருந்து நட்டப்பட்டவன். அந்தக் கதையைச் சொல்லுமுன், வெளிநாட்டில் நடக்கும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வியாபாரப் பக்கத்தில் விளையாட்டு எதற்கு என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் சொல்லப்போவது கோல் கணக்கையல்ல, சம்பளக் கணக்கை.

பனிக்கட்டியில் ஒரு சம்பளக் கொப்பி

கனடாவின் டொரொன்டோ நகரில் இருக்கும் என் தங்கையின் மகன் கடந்த விடுமுறைக்கு வந்திருந்தார். அந்த நகரில் எம் நாட்டவர்கள், குறிப்பாகத் தமிழ் பேசுபவர்கள், ஏராளம். அங்கே எமக்குக் கிரிக்கெட் போல, அவர்களுக்குப் பனிக்கட்டி ஹொக்கி. மருமகன் கடையில் என் பக்கத்தில் அமர்ந்து, நான் சம்பளக் கொப்பி எழுதுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாமா, நீங்கள் படுகிற பாட்டைத்தான் எங்கள் ஊர் ஹொக்கி முதலாளிமாரும் படுகிறார்கள்."

அவர் விளக்கியது இது. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு மேல் எல்லை உண்டு. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. அணி முதலாளிமாருக்கும் வீரர்களுக்கும் இடையில் உடன்பாடு வராமல் 2004-05 பருவம் முழுவதும் ஒரு போட்டிகூட நடக்கவில்லை. அதன் பிறகு 2005இல் இந்த எல்லை வந்தது. முதல் வருடம் ஓர் அணிக்கு 39 மில்லியன் டொலர். 2025-26இல் 95.5 மில்லியன் டொலர். இந்தப் பணத்துக்குள் 23 பேர் வரை கொண்ட குழுவை வைத்து, அந்தப் பருவத்தில் 82 போட்டிகள் ஆட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுகள் வேறு.

ஆகவே அங்கே கேள்வி "சிறந்த வீரர் யார்" என்பது மட்டுமல்ல. இவருக்கு இவ்வளவு கொடுத்தால் மற்ற 22 பேருக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் பெரிய கேள்வி. எமது கடையிலும் இதே கேள்விதான். நாம் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதிப் பணம் நான்கு பேருக்கு

டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் கதையைப் பாருங்கள். 2019-20 பருவத்தில் அந்த அணியின் எல்லை 81.5 மில்லியன் டொலர். ஒஸ்டன் மெத்யூஸ், ஜோன் டவாரெஸ், மிச் மார்னர், வில்லியம் நைலாண்டர் என்ற நான்கு முன்கள வீரர்களுக்கு மட்டும் ஏறத்தாழ 40 மில்லியன் டொலர். அதாவது பாதிப் பணம் நான்கு பேருக்கு, மீதிப் பாதி கோல் காப்பாளர் உட்பட மற்ற எல்லோருக்கும்.

அவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வழக்கமான பருவத்தில் அணி நன்றாகவே ஆடியது. ஆனால் கிண்ணத்துக்கான சுற்றுகள் வந்ததும் எதிரணிகள் அந்த நான்கு பேரையும் இறுக்கிப் பிடித்தன. அப்போது கைகொடுக்க அடுத்த வரிசையில் பலம் போதவில்லை. 2020 முதல் 2025 வரையான ஆறு வருடங்களில் அந்த அணி வென்றது இரண்டே இரண்டு சுற்றுத் தொடர்கள், 2023இல் ஒன்று, 2025இல் ஒன்று. 1967க்குப் பிறகு டொரொன்டோவுக்கு ஸ்டான்லி கிண்ணம் கிடைக்கவே இல்லை.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தப் பெரிய ஒப்பந்தங்களைக் கொடுத்த காலத்தில், சம்பள எல்லை வருடாவருடம் கூடிக்கொண்டே போகும் என்ற எதிர்பார்ப்பு எல்லோருக்கும் இருந்தது. எல்லை கூடினால் நான்கு பேரின் பங்கு தானாகச் சுருங்கும். ஆனால் 2020இல் கொரோனா வந்தது. எல்லை அதே 81.5 மில்லியனில் மூன்று பருவங்கள் அசையாமல் நின்றது. கொடுத்த வாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

நண்பர்களே, 2022இல் எமது நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2019, 2020இல் வியாபாரம் வளரும் என்ற நம்பிக்கையில் நாம் கொடுத்த வாக்குகள் எத்தனை? வாங்கிய லீசிங் வாகனங்கள் எத்தனை? நாளை கூடும் என்ற வருமானத்தை வைத்து இன்று வாக்குக் கொடுப்பவன் டொரொன்டோவில் இருந்தாலும் பதுளையில் இருந்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகிறான்.

மூன்றாம் வரிசை வாங்கிய கிண்ணம்

இதற்கு நேர் எதிரான கதை டம்பா பே லைட்னிங் அணியுடையது. 2018-19இல் அது 82 போட்டிகளில் 62ஐ வென்றது. அப்படிப்பட்ட அணி இறுதிச் சுற்றுகளின் முதல் தொடரிலேயே கொலம்பஸ் அணியிடம் நான்குக்குப் பூச்சியம் என்று தோற்று வீட்டுக்குப் போனது. நட்சத்திரங்கள் எல்லோரும் இருந்தார்கள். இருந்தும் தோற்றார்கள்.

வேறு முதலாளியாக இருந்தால் அணியையே கலைத்திருப்பார், அல்லது இன்னும் பெரிய நட்சத்திரத்தைத் தேடியிருப்பார். டம்பாவின் நிர்வாகம் இரண்டையும் செய்யவில்லை. 2020 பெப்ரவரியில் அது இரண்டு பேரைக் கைமாற்றில் வாங்கியது. ஒருவர் பிளேக் கோல்மன், மற்றவர் பார்க்லே குட்ரோ. இருவரும் பெயர் பெற்ற கோல் மன்னர்கள் அல்ல. கோல்மனின் சம்பளக் கணக்கு 1.8 மில்லியன் டொலர், குட்ரோவின் கணக்கு ஒரு மில்லியனுக்கும் குறைவு. ஆனால் அவர்களுக்காக டம்பா கொடுத்த விலை பெரியது. எதிர்காலத்தில் புதிய இளைஞர்களைத் தெரிவு செய்யும் முதற்சுற்று உரிமையை ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொடுத்தார்கள். "மூன்றாம் வரிசை ஆட்களுக்கு இவ்வளவா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

அந்த இருவரும் ஏற்கெனவே அணியில் இருந்த யானி கூர்டுடன் சேர்ந்து மூன்றாவது வரிசையானார்கள். நட்சத்திரங்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் இவர்கள் களமிறங்கி எதிரணியின் சிறந்த வீரர்களை ஓடவிடாமல் செய்தார்கள். டம்பா 2020இலும் 2021இலும் தொடர்ந்து இரண்டு முறை கிண்ணம் வென்றது. அதன் பிறகு சம்பள எல்லை இறுக்கியது. 2021 கோடையில் அந்த மூவரும் மூன்று வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். எல்லோரையும் வைத்திருக்க முடியாது என்பது டம்பாவுக்கும் தெரியும். வைத்திருந்த காலத்தில் அவர்களைப் பயன்படுத்தினார்கள், அதற்குரிய மதிப்பையும் கொடுத்தார்கள்.

இது எங்கோ தூரதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். மாத்தளை, கண்டிப் பாடசாலைகளில் நாம் பார்த்த அந்த மைதான ஹொக்கியிலும் இன்று இதே கணக்கு வந்துவிட்டது. ஹொக்கி இந்தியா லீக் சில வருட இடைவெளிக்குப் பின் மீண்டும் தொடங்கியபோது 2024 ஒக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒன்றுக்குச் சம்பளப் பை 4 கோடி இந்திய ரூபா, ஆட்கள் 24 பேர். சராசரி போட்டால் ஆளுக்கு 16 இலட்சத்துக்குச் சற்றுக் கூட. தமிழ்நாடு டிராகன்ஸ் உட்பட எல்லா அணிகளுக்கும் ஒரே பைதான். அங்கே இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா கிளப் 78 இலட்சத்துக்கு எடுத்தது. ஏலத்தில் அதுவே உயர்ந்த விலை. மீதி 3 கோடி 22 இலட்சம் 23 பேருக்கு, சராசரி 14 இலட்சம். அவர் அந்த விலைக்குத் தகுதியானவரா இல்லையா என்பது என் பேச்சல்ல. ஒருவருக்குக் கொடுத்தது மற்ற 23 பேரின் பங்கிலிருந்து எடுத்தது என்பது மட்டும் கணக்கு. அந்தப் பருவத்தின் கிண்ணமும் சூர்மாவுக்குக் கிடைக்கவில்லை, வங்காள அணிக்குத்தான் கிடைத்தது.

மைதான ஹொக்கியில் களத்தில் 11 பேர். 15 நிமிடக் கால் பகுதிகள் நான்கு. ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆகவே வாங்கில் இருப்பவர்கள் சும்மா இருப்பவர்கள் அல்ல, சில நிமிடங்களில் இறங்கப் போகிறவர்கள். பச்சை அட்டை வாங்கினால் ஒருவர் 2 நிமிடம் வெளியே, மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம், சிவப்பு என்றால் அன்றைக்கு அவர் இல்லை. கடையில் ஒரு நாள் காய்ச்சல், ஒரு வாரம் கல்யாண வீடு, ஒரேயடியாகக் கட்டார் பயணம் என்று நமக்கும் அதே மூன்று அட்டைகள்.

பஸ்ஸறைப் பாதையில் என் நட்டம்

இனி என் கதை. நான் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவன். பஸ்ஸறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்கு வாகனத்தில் சாமான் அனுப்புவேன். தோட்டத்தில் சம்பளம் கொடுக்கும் 10ஆம் திகதியை ஒட்டித்தான் எமக்கும் பணம் வரும். அந்த நாட்களில் ஒரு நாள் தவறினால் கடைக்காரர் கையிலிருக்கும் காசு வேறு வியாபாரிக்குப் போய்விடும். தோட்டப் பக்கம் வியாபாரம் செய்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தப் பாதை முழுவதையும் 2018 வரை ஒரே மனிதர் பார்த்தார். எங்கள் மூத்த விற்பனையாளர். நேர்மையானவர், பேச்சில் வல்லவர். எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி, எந்தக் கடைக்காரருக்கு எப்போது காசு வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எனது சம்பளச் செலவில் நான்கில் ஒரு பங்கு அவருக்கே போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவர் உழைத்தார். ஆனால் அவருக்குக் கூட்டக் கூட்ட மற்றவர்களுக்குக் கூட்ட முடியவில்லை. "அடுத்த வருடம் பார்ப்போம்" என்றே மூன்று வருடம் ஓட்டினேன்.

அந்த வருட நோன்பு காலத்தில் லுணுகலைப் பாதையில் அவரது மோட்டார் சைக்கிள் வழுக்கிக் கால் முறிந்தது. நான்கு மாதம் எழும்ப முடியவில்லை. கடன் கொப்பியைத் திறந்தால் அவருக்கு மட்டும் விளங்கும் குறிப்புகள். "மேல்கணக்குக் கடை", "கோயிலடி", "பழைய லயத்துக் கடை" என்று பெயரில்லாத பெயர்கள். வேறொருவரை அனுப்பினேன். பாதி இடத்தில் கடையையே கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி வந்தார். மற்றப் பாதியில், "நாங்கள் அவரிடம் கொடுத்துவிட்டோமே" என்றார்கள். உண்மையில் கொடுத்தவர்களும் இருந்தார்கள், கொடுக்காதவர்களும் இருந்தார்கள். பிரித்தறிய என்னிடம் வழியில்லை. பெருநாள் முடிந்து கணக்குப் பார்த்தபோது மூன்றரை இலட்சம் ரூபா கைக்கு வரவில்லை. ஐந்து கடைகள் வேறு வியாபாரிக்கு மாறிவிட்டன.

இதைவிடப் பெரிய நட்டம் ஆறு வாரம் கழித்துத் தெரிந்தது. வாகனத்தில் சாமான் ஏற்றி இறக்கும் பையன் ஒருவன் இருந்தான். பஸ்ஸறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து சாதாரண தரம் படித்துவிட்டு வந்தவன். நான்கு வருடம் அந்த மூத்தவரோடு எல்லாக் கடைக்கும் போய் வந்திருக்கிறான். ஒரு நாள் என் முன்னால் வந்து நின்று, கொழும்பில் வேலை கிடைத்திருப்பதாகவும் மாத முடிவோடு விலகுவதாகவும் சொன்னான். பேச்சோடு பேச்சாக அந்தக் கடைகளைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைக்காரர் பெயர், பிரிவு, பாக்கித் தொகை எல்லாம். நான் திகைத்துப்போய், "இதையெல்லாம் ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க மொதலாளி" என்றான்.

அந்த வார்த்தையில் கோபம் இல்லை. அதனால்தான் அது இன்னும் என்னைச் சுடுகிறது. மூன்று வருடம் சம்பளம் கூட்டாமல், ஒரு வார்த்தை கேட்காமல், மூட்டை தூக்குபவன் என்றே நான் பார்த்த ஒருவனிடம் என் வியாபாரத்தின் பாதி இருந்தது. சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று அப்போது சொன்னேன். அவன் ஏற்கெனவே கொழும்பு முதலாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். வாக்கை மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் கடைக்குச் சம்பளப் பை எவ்வளவு?

இப்போது கணக்குக்கு வருவோம். 12 பேர் வேலை செய்யும் கடையை எடுத்துக்கொள்வோம். வியாபாரம் தாங்கக்கூடிய மொத்தச் சம்பளச் செலவு மாதம் 6 இலட்சம் ரூபா என்று வைப்போம். முதலாளியின் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர்க்க வேண்டும். 30,000 ரூபா சம்பளம் என்றால் உண்மையான செலவு 34,500. பன்னிரண்டு பேருக்கு 4 இலட்சத்து 14 ஆயிரம். மிஞ்சுவது 1 இலட்சத்து 86 ஆயிரம். எமது புத்தி வேலை செய்ய வேண்டியது இந்த மிச்சத்தில்தான்.

கெட்டிக்காரர் ஒருவருக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம் சம்பளம் கொடுத்தால், நிதிப் பங்கோடு மேலதிகச் செலவு 1,03,500. மற்ற 11 பேருக்கு மிஞ்சுவது 82,500. நிதிப் பங்கையும் சேர்த்து ஆளுக்கு 7,500. அந்தக் காசுக்கு யார் தொழில் கற்றுக்கொண்டு நிற்பார்?

அதே கெட்டிக்காரருக்கு 75,000 கொடுத்து, அடுத்த இரண்டு பேரைத் தெரிந்தெடுத்து ஆளுக்கு 50,000 கொடுங்கள். நிதிப் பங்குகள் எல்லாம் போக மற்ற ஒன்பது பேருக்கு 88,250 மிஞ்சும், ஆளுக்கு ஏறத்தாழ 9,800. முதலாமவர் படுத்தால் கடையை நடத்த இருவர் இருக்கிறார்கள். கீழே இருப்பவனுக்கும், "நானும் அந்த 50,000க்குப் போகலாம்" என்று கண்ணுக்குத் தெரியும் ஓர் ஏணி இருக்கிறது.

"75,000க்கு அவர் நிற்கமாட்டாரே" என்று நீங்கள் கேட்பீர்கள். நிற்காமல் போகலாம். அதற்காகத்தான் அடுத்த இரண்டு பேர். அவர் போனால் கடை மூடும் என்ற நிலையில் அவரோடு சம்பளம் பேச உட்காருபவன் முதலாளி அல்ல, கைதி.

இன்னொன்று. ஹொக்கி அணிகளில் புத்தியுள்ளவை பருவத் தொடக்கத்திலேயே பையைக் காலி செய்வதில்லை. மிச்சம் பிடித்த இடம் நாளுக்கு நாள் சேர்ந்து, கைமாற்றுக்கான கெடு திகதி வரும்போது ஒரு நல்ல ஆளை எடுக்கப் பயன்படும். எமக்கும் நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்ற மூன்று பருவங்கள் உண்டு. மாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் அந்த வாரங்களில் மேலதிக நேரக் கொடுப்பனவை முகம் சுளிக்காமல் கொடுக்கலாம்.

கைமாற்று என்றால் ஆளைத் தள்ளிவிடுவதா?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆவுக்குப் பின் இதைப் பற்றி ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். மார்க்கம் கற்றவர். "ஹாஜியார், மனிதனை மாட்டைப்போல ஏலத்தில் விடுவதையும் மாற்றிக்கொள்வதையும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லப்போகிறீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, அந்த லீக்கில் எல்லை மேலே மட்டும் இல்லை, கீழேயும் இருக்கிறது. 2025-26இல் ஓர் அணி குறைந்தது 70.6 மில்லியன் டொலரைச் சம்பளமாகக் கொடுத்தே ஆக வேண்டும். அதோடு அந்த எல்லைகள் முதலாளியின் மனம்போல் வருபவையல்ல. லீக்கின் வருமானத்தில் பாதி வீரர்களுக்கு என்ற உடன்பாட்டின் மேல்தான் அவை நிற்கின்றன. எங்களில் எத்தனை பேர் வருமானத்தில் இத்தனை பங்கு ஊழியருக்கு என்று எழுதி வைத்திருக்கிறோம்? "கல்லா தாங்காது" என்று சொல்லும்போது கல்லாவில் எவ்வளவு என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எல்லை என்ற சொல்லைக் காட்டி அந்தக் கூலியைக் குறைப்பவர் இந்தக் கட்டுரையைத் தனக்குச் சாதகமாக எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, தனது சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற பிரிவு அங்கே பல மூத்த வீரர்களின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தப் பிரிவு எழுதப்படாமலே எமது எல்லா ஊழியருக்கும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் மாற்றமே வேண்டாம் என்பதும் தவறு. டொரொன்டோ அணி மிச் மார்னரை ஒப்பந்தத்தின் கடைசிவரை வைத்திருந்தது. 2025 கோடையில் அவர் லாஸ் வேகாஸ் அணிக்குப் போனபோது அதற்கு ஈடாக டொரொன்டோவுக்கு ஒரு நடுத்தர வீரரே கிடைத்தார். எங்கள் கடைகளிலும் அப்படித்தான். ஒருவருக்கு எம்மிடம் இனி வளர இடமில்லை என்று இரண்டு வருடம் முன்பே தெரியும். அவருக்கும் தெரியும். இருவரும் பேசாமல் இருப்போம். ஒரு நாள் சண்டையில் பிரிவோம், ஊர் முழுக்கக் கதை பரவும்.

நான் ஒரு முறை வேறுவிதமாகச் செய்து பார்த்தேன். என்னிடம் கணக்கு எழுதிய ஓர் இளைஞருக்கு வாடிக்கையாளரோடு பேசுவதில்தான் விருப்பம். பண்டாரவளையில் ஹாட்வெயார் வைத்திருக்கும் என் மச்சானிடம் ஒருவர் விற்பனையில் நின்றார், அவருக்கோ கொப்பியில்தான் கை. நான்கு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினோம். சம்பளம் குறையக்கூடாது, சேமலாப நிதி அறுந்துபோகக் கூடாது, ஆறு மாதத்தில் பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பலாம் என்று எழுதிக்கொண்டோம். இருவரும் இன்றுவரை மாறிய இடத்திலேயே இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இன்னொரு முறை வெலிமடைக்கு ஒருவரை இதே மாதிரி அனுப்பினேன். அவரிடம் சரியாகக் கேட்காமல் நானே தீர்மானித்தேன். மூன்றாம் மாதம் அவர் இரண்டு கடையையும் விட்டுப் போய்விட்டார். கேட்டதற்கும் கேட்காததற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கடைசியாக

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலை சரிந்து பாதைகள் மூடிய நாட்களை யாரும் மறக்கமாட்டோம். என் கடைக்கு அன்று 12 பேரில் நான்கு பேர்தான் வர முடிந்தது. மூத்தவர்கள் யாரும் இல்லை. வந்தவர்களில் ஒருவர் காசு மேசையில் இருந்தார், ஒருவர் களஞ்சியத்தைத் திறந்தார், மற்ற இருவர் அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிந்திருந்தது. 2018 கடையாக இருந்திருந்தால் அன்று நான் கதவைத் திறந்திருக்கவே முடியாது. மக்கள் அரிசிக்காக வந்து நின்ற நாள் அது.

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதச் சம்பளத்தை எழுதும்போது கொப்பியின் மேல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பெயருக்குரியவருக்கு என்ன தெரியும், எந்த வேலையைக் கற்றுக்கொடுக்கலாம், எத்தனை மாதமாக ஒன்றும் கூட்டவில்லை என்று பாருங்கள். பிறகு அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வியாவது கேளுங்கள். தோட்டத்திலிருந்து இறங்கி வரும் பிள்ளையானாலும், நமது மஹல்லாவின் ஏழைப் பிள்ளையானாலும், அவர்கள் எமது கடைக்கு மூட்டை தூக்க மட்டும் வரவில்லை. ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளவும் வந்திருக்கிறார்கள். அதைக் கொடுக்காவிட்டால் கொழும்பு கொடுக்கும், கட்டார் கொடுக்கும்.

நான் கேட்கத் தவறிய அந்தப் பையன் இன்று கொழும்பில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் விநியோகப் பொறுப்பாளராக இருக்கிறார். பெருநாளுக்கு மறக்காமல் தொலைபேசி எடுத்து வாழ்த்துச் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் சந்தோஷப்படுகிறேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

அல்லாஹ் எமது வியாபாரத்திலும், அதில் எம்மோடு உழைப்பவர்களின் வாழ்விலும் பரகத் செய்வானாக.